முன்னே போகிறவர் காத்திருக்க வேண்டும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இடது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. கோபத்துக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை. எனக்கு முதுகு வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் நான் குளியலறைக்குள் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடுகிறது. "யாரு, அவனா? குடு இங்க" என்று வாங்கிக்கொள்கிறார். அவர் பேசி முடித்ததும் நீ "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் பல் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் பட்டறை முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். பல் செட் கட்டக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி ஒன்றில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆள் ஏதோ வேலையாகப் பட்டறைக்கு வந்தவர், நான் மெழுகில் பல் அடுக்குவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, "எங்க பசங்களுக்கு வந்து சொல்லிக்கொடுங்க, வாங்க" என்றார். நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னை "வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார், தம்பி. இரண்டு வருட வேலை. ஜூலையில் சேர வேண்டும். மே மாதத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தங்குவதற்கு விடுதியில் ஒற்றை அறை தருவார்கள். அங்கே அப்பாவை வைத்துக்கொள்ள முடியாது. இங்கே தனியாக விடவும் முடியாது.

உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். எப்போது வருகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 2

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அவளுக்குக் கழுத்து வலி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கிடந்தால் வராதா? பாப்பா என்னைவிட உயரமாகிவிட்டாள். அப்பாவையும் உன்னையும் நினைக்காத நாளில்லை.

கல்லூரி ஆசிரியை! கடிதத்தை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஏறுவதையும் இறங்குவதையும் தவிர வேறு பேச்சு கிடையாது. அன்றைக்கு முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு.

நீ சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன பேச முடியும்? எனக்கு ஒரு யோசனை. நமக்கு நடுவில் இருக்கிறதே அந்த மலை ஸ்டேஷன், என் கல்யாணத்துக்கு முன்னால் நாம் சைக்கிளோடு போவோமே, அங்கே ஏப்ரலில் போகலாம். நீ உன் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வா. நான் என் பக்கத்திலிருந்து வருகிறேன். மூன்று மலையையும் சுற்றிவிட்டுச் சாயங்காலம் அதே ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடலாம். நாள் முழுக்க நாம் இரண்டு பேர்தான். என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

நான் விட்டுவிட்டு வந்த சைக்கிள் ஓடுகிறது அல்லவா? செயினுக்கு எண்ணெய் விடு. டயரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடு. நான் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரு விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு.

மற்றதெல்லாம் நேரில்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியின் கழுத்து தேவலையா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே இருவரும் இருக்கிறோம்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வா என்றால் மலைக்குக் கூப்பிடுகிறாயே என்று. அப்புறம் யோசித்தேன். அப்பாவின் காது எட்டாத இடத்தில் ஒரு நாள் முழுக்க உன்னோடு இருப்பது நல்லதுதான். சொல்வதற்கென்ன, ஆசையும் வந்துவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். அந்த மேட்டில் முதல் வாரம் தள்ளிக்கொண்டு போனேன். இப்போது நடு வரைக்கும் மிதிக்கிறேன். பட்டறையில் எல்லோரும், "என்ன, போட்டிக்குப் போறீங்களா?" என்று கேலி செய்கிறார்கள்.

அன்றைக்கு அப்பாவைக் கீழ்வீட்டு டீச்சர் பார்த்துக்கொள்வார். அந்த அம்மாளைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன மாதம் உதவிக்கு வந்து அவர் கொடுத்த சூப்பைத் தட்டிவிட்டாரே அப்பா. நான் கட்டிக்கொடுத்த பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பொருந்தவில்லை என்கிறார். ஊரில் பாதிப் பேர் என் பல்லில்தான் மெல்லுகிறார்கள். இவருக்கு மட்டும் பொருந்தாது. "அவன் வந்தா சரி பண்ணிடுவான்" என்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் பல்லை எப்படிச் சரி பண்ணுவான்? வாசல் மணி அடித்தால் போதும், "அவன் வந்துட்டானா?" பால்காரர் வந்தாலும் அதே கேள்விதான்.

நான் அங்கே உன்னிடம் என்ன கேட்கப்போகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதது போல் வராதே. அந்த இரண்டு வருடம் அப்பா உன் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு. சைக்கிளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றும்போது பெடலில் துணி சுற்று, இல்லாவிட்டால் மற்றவர்களின் சாமானைக் கீறிவிடும். தண்ணீர், ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை எடுத்துக்கொள். மழைக் கோட்டும் வேண்டும். நம் பழைய விதியை மறக்காதே. முன்னே போகிறவர் ஒவ்வொரு உச்சியிலும் காத்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவரை விட்டுவிட்டு இறங்கக் கூடாது.

தம்பி


ஏப்ரல் 11

என் அன்பு அக்காவுக்கு,

கால் வலி போயிற்றா? எனக்கு இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. லிஃப்ட்காரன் லிஃப்டிலேயே போனான்.

என்ன ஒரு நாள்! முதல் மலையில் பனி விலகி ரயில் பாதை தெரிந்ததே, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டாவது மலையின் இறக்கத்தில் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. எவ்வளவு வருடமாயிற்று இப்படிச் சிரித்து! உன் வயதில், அதுவும் அந்தப் பழைய இரும்பு வண்டியில், மூன்று மலையும் ஏறிவிட்டாய். பாப்பாவிடம் சொன்னேன், வாயைப் பிளந்துவிட்டாள்.

விதியை நான் மீறவில்லை, பார்த்தாயா? ஒவ்வொரு உச்சியிலும் உனக்காகக் காத்திருந்தேன். ஒன்றில் ஒரு தூக்கமே போட்டுவிட்டேன்.

ஏதோ பேச வேண்டும் என்று சொன்னாயே, நாள் முழுக்க ஒன்றும் பேசவில்லையே. அவ்வளவு அவசரமில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

கால் வலி போய்விட்டது. அப்பா நலம். நான் இல்லாத அந்த ஒரு நாளில் டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டது, "அவன் எப்படி இருக்கான்? இளைச்சிட்டானா?"

நாள் முழுக்க நான் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கையில் இருந்த பல்லை உடைத்துவிட்டேன். அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

ஸ்டேஷனில் நீ கட்டிப்பிடித்தாய், போட்டோ எடுத்தாய், "வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பலாம்" என்றாய். முதல் வளைவிலேயே உன் முதுகுதான் தெரிந்தது. இரண்டாவது வளைவில் அதுவும் இல்லை. சரி, மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மிதித்தேன். பேசுவதை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உச்சிக்கு வந்தபோது நாக்குத் தள்ளிவிட்டது. நீ கைதட்டினாய். உனக்கு வேர்வை காய்ந்து, கோட்டு மாட்டி, வேடிக்கை பார்த்து முடித்தாயிற்று. எனக்கு மூச்சே வரவில்லை. "வா வா, குளிர் எடுக்குது, நின்னா உடம்பு பிடிச்சிக்கும்" என்று கிளம்பிவிட்டாய்.

இறக்கத்தில் உன்னைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், என் பிரேக்கை நம்பி விட முடியவில்லை. அது நீ விட்டுவிட்டுப் போன பிரேக்தான். பள்ளத்தாக்குச் சாலையில் மட்டும் ஒருமுறை பக்கத்தில் வந்துவிட்டேன். "அப்பா விஷயம்" என்று வாயைத் திறந்தேன். "காத்துல ஒண்ணும் கேக்கலக்கா! லாரி வருது, ஒத்தையா வா!" என்று கத்தினாய். திரும்பிப் பார்த்தேன். வெகு தூரத்துக்கு லாரியே இல்லை.

இரண்டாவது ஏற்றத்தில் செயின் கழன்றது. ஒரு சிமென்ட் குழாய் மேல் சாய்த்து வைத்து, மையாகக் கறுத்த கையோடு மாட்டிக்கொண்டு வந்தேன். உச்சியில் டீக்கடை. நீ டீ குடித்து, ரொட்டி சாப்பிட்டு, கடைக்காரரோடு அவர் மகன் படிப்பு வரைக்கும் பேசி முடித்திருந்தாய். அவரிடம் பேச உனக்கு நேரம் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து முட்டை உரிக்கிறேன். நீ எழுந்து நின்று கையுறை மாட்டுகிறாய். "சாப்பிட்டு மெதுவா வாக்கா, நான் முன்னாடி போய் நிக்கறேன்" என்கிறாய். பாதி முட்டை கையில் இருந்தது. அதைத் தின்றேனா போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

மூன்றாவது உச்சியில் மைல்கல் ஓரமாகத் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாய். எழுப்ப மனசு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே விழித்துக்கொண்டு, "அய்யோ, ரயிலுக்கு நேரமாச்சு!" என்றாய். பிளாட்பாரத்தில் உன் ரயில்தான் முதலில் வந்தது. படியில் நின்றுகொண்டு, "ஏன்க்கா ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாய். வண்டி நகரும்போது கேட்டாய், தம்பி. "எழுதுக்கா, எழுது" என்று கையை ஆட்டினாய்.

நீ காத்திருந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. நான் வந்து சேர்ந்ததும் கிளம்பினாய். மூன்று மலையிலும் ஓய்வு உனக்குத்தான் கிடைத்தது. கடைசியில் வருகிறவளுக்கு ஓய்வே கிடையாது என்று அந்த விதியைப் போட்டவனுக்குத் தெரியாது. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நீ எங்கேயோ மேலே நின்று எனக்காகக் கைதட்டுகிறாய்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஜூலையிலிருந்து இரண்டு வருடம் அப்பாவை உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா, மாட்டாயா? மே மாதத்துக்குள் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும். வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

உன் மனைவிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

அக்கா


மே 16

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? பதில் வரவில்லை. அப்பாவிடம் நேற்று போனில் பேசினாயாம், பாப்பா பரீட்சை எழுதியதெல்லாம் சொன்னாயாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வைத்துவிட்டாய்.

கல்லூரியிலிருந்து கேட்டுவிட்டார்கள். இந்த மாதம் இன்னும் முடியவில்லை.

அக்கா


ஜூன் 4

அன்பு அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று பார்த்தேன், நேரம் அமையவில்லை. உன் உடம்பு எப்படி? அப்பா எப்படி?

என் மேல் உனக்கு இவ்வளவு கோபமா? லாரியை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாயே! ஒரு நல்ல நாளை இப்படியா பார்ப்பது?

அப்பா இங்கே வருவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீயே யோசித்துப் பார். பாப்பாவுக்கு அடுத்தது பெரிய பரீட்சை. இவளுக்குக் கழுத்து வலி. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அடிக்கடி நின்றுவிடும், எனக்கே தெரியும் அதன் லட்சணம். அப்பாவுக்கும் இந்த வயதில் இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது. உன் கையால் சாப்பிட்டுப் பழகியவர். உன்னைப்போல் அவரைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது, இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன்.

எப்படியும் மே முடிந்துவிட்டது. கெட்டிக்காரியை அவர்கள் விட்டுவிடமாட்டார்கள், அடுத்த வருடமும் கேட்பார்கள். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். அக்டோபரில் இன்னொரு பயணம் போகலாமா? உனக்கென்று நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

நாங்கள் நலம். கையுறை வந்தது. பெரிதாக இருக்கிறது, ஆண்கள் அளவு.

மே மாதக் கடைசி நாள், சாயங்காலத் தபால் வரும் வரைக்கும் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் இல்லை. கல்லூரிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மே முடிந்துவிட்டது என்று நீ நிம்மதியாக எழுதியபோது நான் சம்மதம் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது.

வீட்டைக் காலி செய்கிறேன். முப்பதாம் தேதி காலை ரயிலில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த ரயில்தான் உன் ஊரைத் தாண்டிக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போகிறது. எனக்கு அதில்தான் டிக்கெட். உன் ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதனால் நான் இறங்கமாட்டேன். கடைசிப் பெட்டிக்கு எதிரே நில். அப்பாவைத் தூக்கும்போது அவருக்கு வலது பக்கமாக நின்று தூக்கு, இடது தோள் வலிக்கும். மாத்திரைகளைப் பச்சைப் பையில் வைத்திருக்கிறேன். எதை எப்போது என்று அப்பாவே சொல்வார், அறிவு தெளிவாகத்தான் இருக்கிறது. பல் செட் டப்பாவில்.

நீ கூப்பிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு எப்படிச் சொல்வது? உன் மகனுக்கு நீ வேண்டாமாம் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. கேட்டதும் அழுதுவிட்டார். நான் பார்த்து அவர் அழுதது அம்மா செத்தபோதுதான். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, கீழ்வீட்டு டீச்சரிடம், "என் பையன் கூப்பிட்டுட்டான், போறேன்" என்று கத்தினார். பால்காரரிடம் சொன்னார். முடி வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். பல் செட்டைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். பொருந்துகிறதாம்.

நான் எங்கே போகிறேன் என்று இதுவரை கேட்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

சுகமா? இங்கே சுகமில்லை, ஒளிப்பானேன். இவள் தன் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகிறது. பாப்பா தோழி வீட்டில் படிக்கிறாள். நான் பாதி நாள் லீவில் இருக்கிறேன்.

அன்றைக்கு ஸ்டேஷனில் உன்னிடம் பேச வேண்டும் என்றுதான் ஓடி வந்தேன். நீ அப்பாவையும் பையையும் கொடுத்தாய், வண்டி எடுத்துவிட்டது. ஜன்னலில் நீ கையை ஆட்டினாயா, கண்ணைத் துடைத்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் அப்பா ராஜா மாதிரி இருந்தார். அப்புறம் ஆரம்பித்துவிட்டது. சூப்பில் உப்பில்லை என்கிறார். தலையணை உயரம் என்கிறார். பல் செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். "அவ வந்தா சரி பண்ணிடுவா" என்கிறார். மணி அடித்தால், "அவ வந்துட்டாளா?" என்று கேட்கிறார். பக்கத்தில் நான்தான் நிற்கிறேன். ஒரு நாள் கோபத்தில், "நான் இருக்கேனே, போதாதா?" என்று கத்திவிட்டேன். என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னால் முடியவில்லை, அக்கா. டிசம்பர் விடுமுறையோடு நீ வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடு. அங்கே ஏதாவது வீடு பார். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். உட்கார்ந்து பேசலாம், எப்போது வருகிறாய் என்று சொல்.

தம்பி


செப்டம்பர் 30

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முதுகு வலி போன இடம் தெரியவில்லை. உன் மனைவி திரும்பி வந்திருப்பாள் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. பிள்ளைகள் மெழுகைப் பல்லுக்குப் பதில் விரலில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

அப்பா என்னைத் தேடுகிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு நாள் என்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறாராம். சந்தோஷம் வரவில்லை, தம்பி. என் வீட்டில் உன்னைத் தேடினார், உன் வீட்டில் என்னைத் தேடுகிறார். பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இனி அது உனக்கும் பழகிவிடும்.

நீ சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன பேச முடியும்? எனக்கு ஒரு யோசனை. அக்டோபரில் போகலாம் என்றாயே, அந்த மலைக்கே போகலாம். அந்த ஒரு நாளைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள யாரையாவது பிடித்துக்கொள். நாள் முழுக்க நாம் இரண்டு பேர்தான். என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

கல்லூரி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. உன் பழைய வண்டியைக் கொண்டுவந்து தினமும் அதில்தான் ஏறுகிறேன். பிரேக்கை மாற்றிவிட்டேன். நீ லீவும் சமையலுமாக இருக்கிறாய், முன்னைப்போல் மிதிக்க முடியாது. அதனால் இந்த முறை முன்னே போவது நான்தான்.

கவலைப்படாதே, விதியை மீறமாட்டேன். ஒவ்வொரு உச்சியிலும் உனக்காகக் காத்திருப்பேன். நீ வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடலாம்.

அக்கா